வண்டிக்குத் தண்ணி மட்டும் போதுமா?
(சரியான இன்ஜின் கூலண்ட் தேர்ந்தெடுப்பது எப்படி?)



கறவை மாடு, ஆடு வளர்ப்பு, தையல், பலகாரத் தொழில் பற்றியெல்லாம் நம் இதழில் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த மாதம் கொஞ்சம் வித்தியாசமான விஷயம். வண்டியின் ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலண்ட் பற்றிப் பார்க்கப் போகிறோம். "இது டிரைவர் வேலை, மெக்கானிக் வேலை, நமக்கு எதுக்கு மேடம்?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வண்டியை யார் ஓட்டினாலும் தவணை கட்டுவது நீங்கள்தான்.

நடந்தது என்ன?

காரைக்குடிப் பக்கம் நம் குழு ஒன்றில் ஐந்து பேர் சேர்ந்து வங்கிக் கடனில் ஒரு சின்ன லோடு வண்டி வாங்கினார்கள். ஆத்தங்குடியிலிருந்து தரைக்கல் ஏற்றுவது, புதுவயலிலிருந்து அரிசி மூட்டை ஏற்றுவது, சந்தை நாளில் காய்கறி கொண்டுபோவது என்று வண்டி சும்மா நிற்காமல் ஓடியது. தவணையும் தவறாமல் கட்டினார்கள்.

ஒரு சித்திரை மாதம், உச்சி வெயிலில், தரைக்கல் லோடோடு திருப்பத்தூர் ரோட்டில் போகும்போது முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். நானும் போயிருந்தேன். மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரைத் திறந்து தண்ணீரை வடித்தபோது, செம்மண் கரைத்த மாதிரி வந்தது.

"இதுல என்னம்மா ஊத்துனீங்க?"

"தண்ணிதாண்ணே. தினமும் காலையில போர் தண்ணி ஒரு சொம்பு ஊத்திட்டுத்தான் எடுப்போம். ஒரு நாளும் விட்டதில்ல."

"தினமும் ஊத்துற அளவுக்குக் குறையுதுன்னா எங்கயோ போகுதுன்னுதானே அர்த்தம்? அதோட போர் தண்ணிய ஊத்தி ஊத்தி உள்ள பூராவும் துருப் பிடிக்க வச்சிருக்கீங்களே!"

ஹெட் கேஸ்கட் போய்விட்டது. வாட்டர் பம்பும் அரித்துப் போயிருந்தது. ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தது. செலவு 18,500 ரூபாய். ஒன்பது நாள் வாடகை இல்லை. அந்த மாதத் தவணைக்குக் குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் எடுத்துத்தான் கட்டினார்கள்.

அவர்கள் கவனக்குறைவாக இருந்தவர்கள் இல்லை. தினமும் அக்கறையோடுதான் ஊற்றினார்கள். ஆனால் எதை ஊற்ற வேண்டும் என்று வண்டி வாங்கும்போது யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கடன் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த எனக்கும் அது தெரியாது. அதன் பிறகுதான் நாலு பேரிடம் கேட்டு, கையேடுகளைப் படித்து இதைத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்ஜின் ஏன் சூடாகிறது?

நாம் ஊற்றுகிற டீசலின் சக்தி முழுவதும் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு சூடாகப் புகைக்குழாய் வழியே போகிறது. மீதி இன்ஜினைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை வெளியே எடுக்காவிட்டால் உள்ளே இருக்கிற இரும்பும் அலுமினியமும் வளைந்து, வெடித்து, ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும்.

அதற்காக இன்ஜினைச் சுற்றிக் குழிகள் வைத்து அதில் திரவத்தை ஓடவிடுகிறார்கள். வாட்டர் பம்ப் அதைச் சுற்ற வைக்கும். சூடான திரவம் முன்னால் இருக்கிற ரேடியேட்டருக்கு வந்து, காற்றில் ஆறி, மறுபடி இன்ஜினுக்குள் போகும். நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு இருக்கிறது. இன்ஜின் போதுமான சூட்டுக்கு வந்த பிறகுதான் அது திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். "நம்ம ஊரு வெயிலுக்கு இது வேண்டாம்" என்று சிலர் அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். டீசல் செலவு கூடும், இன்ஜின் தேய்மானமும் கூடும்.

ரேடியேட்டர் மூடி நம் குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 120 டிகிரி வரை தாங்கும். குக்கரில் பருப்பு சீக்கிரம் வேகிறதும் இதனால்தான். மூடியின் ரப்பர் போய்விட்டால் அழுத்தம் நிற்காது, சீக்கிரம் கொதித்துவிடும். குக்கர் கேஸ்கட்டை மாற்றுகிற மாதிரி இந்த மூடியையும் பார்த்து மாற்ற வேண்டும்.

தண்ணீர் ஊற்றினால் என்ன தப்பு?

சூட்டை இழுப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரி. அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் அந்தக் காலத்து லாரிகளும் டிராக்டர்களும் வெறும் தண்ணீரிலேயே ஓடின. பிரச்சினை அந்தத் தண்ணீர் உலோகத்தை என்ன செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. இரண்டு கேடு செய்கிறது.

ஒன்று, உப்புப் படிவு. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் வெந்நீர் போட்டால் அண்டாவின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டுகிறதல்லவா? அதே ஓடு இன்ஜினுக்குள்ளும் கட்டும். அண்டாவை நாம் தேய்த்துவிடலாம். இன்ஜினுக்குள் கையை விட முடியுமா? ஓடு கட்டினால் சூடு வெளியே வராது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைத்துக்கொள்ளும்.

இரண்டு, அரிப்பு. வெறும் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும். இன்ஜினில் அதைவிட மோசம். அங்கே வார்ப்பிரும்பு இருக்கிறது, அலுமினியம் இருக்கிறது, சில ரேடியேட்டரில் செம்பும் பித்தளையும் ஈயப் பற்றும் இருக்கிறது. வேறு வேறு உலோகங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் கிடந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத மின்சாரம் ஓடி, வலுக் குறைந்த உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது அலுமினியம்தான்.

இதைப் படிக்க நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. நம் காரைக்குடியில் இருக்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்கள் எப்படி அரிக்கின்றன, எப்படித் தடுக்கலாம் என்பதையும் ஆராய்கிற இடம். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால் நம் ஊருக்கு வந்தது. 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உப்புக் காற்று இரும்பை என்ன செய்கிறது என்று பார்க்க மண்டபம் கடற்கரையிலும் அவர்களுக்கு ஓர் ஆய்வு நிலையம் உண்டு. அந்த மதில் சுவரைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிறோம். உள்ளே ஆராய்கிற அதே அரிப்புதான் நம் வண்டி ரேடியேட்டருக்குள்ளும் நடக்கிறது.

கூலண்ட் என்றால் என்ன?

மூன்று பொருள் சேர்ந்ததுதான் கூலண்ட்.

1. எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம். 
2. சுத்தமான தண்ணீர். 
3. அரிப்பைத் தடுக்கும் மருந்துகள், கூடவே ஒரு சாயம்.

குளிர் நாடுகளில் ரேடியேட்டர் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து இன்ஜினைப் பிளந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கிளைக்கால் கலக்கத் தொடங்கினார்கள். சரிபாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. "நம்ம ஊர்ல எங்க மேடம் பனிக்கட்டி?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். செட்டிநாட்டில் உறைவதற்கு வழியில்லை.

ஆனால் அதே கலவை கொதிநிலையையும் உயர்த்துகிறது. மூடி நன்றாக இருந்தால் சரிபாதிக் கலவை 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். அதைவிட முக்கியம் மூன்றாவது பொருளான அரிப்புத் தடுப்பு மருந்து. நமக்குக் கூலண்ட் வேண்டும் என்பதற்கு முதல் காரணம் அதுதான். இந்த மருந்து நாளாக நாளாகத் தீர்ந்துபோகும். அதனால்தான் கூலண்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் காலக்கெடு முடிந்ததும் மாற்றச் சொல்கிறார்கள்.

எத்தனை வகை?

ஐஏடி: பழைய வகை. சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகளே இதில் தடுப்பு மருந்து. உலோகத்தின் மேல் சீக்கிரம் ஒரு பூச்சு போட்டுக் காக்கும். ஆனால் மருந்து சீக்கிரம் தீரும். பொதுவாக 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஓஏடி: கரிம அமிலங்களைத் தடுப்பு மருந்தாகக் கொண்டது. மெதுவாகத் தீரும். பொதுவாக 5 வருடம் வரை வரும். அலுமினியம் அதிகம் உள்ள புது வண்டிகளில் இந்த வகையே பெரும்பாலும் வருகிறது.

கலப்பு வகை: இரண்டும் சேர்ந்தது. எச்ஓஏடி என்று போட்டிருக்கும். சில கம்பெனி வண்டிகளுக்கு இதுதான் சொல்லியிருப்பார்கள்.

ஹெவி டியூட்டி: டிராக்டர், லாரி, அறுவடை இயந்திரம் போன்ற பெரிய டீசல் இன்ஜினுக்கு. இவற்றில் பலவற்றில் சிலிண்டர் லைனர் நேராகத் தண்ணீரில் நிற்கும். இன்ஜின் அதிரும்போது லைனரின் மேல் பொடிப்பொடியான குமிழிகள் உண்டாகி வெடித்து, உளி வைத்துக் கொத்தின மாதிரி குழி விழும். கடைசியில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். இதைத் தடுக்க இந்த வகையில் தனி மருந்து சேர்த்திருப்பார்கள்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

பச்சை, சிவப்பு, ரோஸ், ஆரஞ்சு, நீலம் என்று பல நிறத்தில் கூலண்ட் வருகிறது. "ஏற்கெனவே பச்சைதான் இருக்கு, பச்சையே கொடுங்க" என்று வாங்குகிறோம். இது தப்பு. நிறம் வெறும் சாயம். எந்த வகைக்கு எந்த நிறம் என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான சட்டம் கிடையாது. ஒரு கம்பெனியின் பச்சை ஐஏடியாக இருக்கும். இன்னொரு கம்பெனியின் பச்சை ஓஏடியாக இருக்கும்.

வகை மாறிக் கலந்தால் ஒன்றின் மருந்தை இன்னொன்று கெடுத்துவிடும். சில கலவைகள் கூழ் மாதிரி திரிந்து ரேடியேட்டரை அடைக்கவும் செய்யும். என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், முழுவதும் வடித்து, கழுவி, புதிதாக ஊற்றுவதுதான் பாதுகாப்பு.

எந்த வண்டிக்கு எது?

முதல் கேள்வி, உங்கள் வண்டிக்குக் கூலண்ட் தேவையா? எக்ஸ்எல் மொபெட், சாதாரண ஸ்கூட்டர், 100 சிசி பைக் எல்லாம் காற்றிலேயே ஆறுகிறவை. 2018ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் மானியம் பெற்று நம் சகோதரிகள் வாங்கிய ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் இப்படித்தான். அவற்றுக்கு ரேடியேட்டரே கிடையாது. யாராவது கூலண்ட் மாற்ற வேண்டும் என்று காசு கேட்டால் ரேடியேட்டரைக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டோக்களில் இரண்டு விதமும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால், வண்டியோடு கொடுத்த கையேடு சொல்வதுதான் கடைசி வார்த்தை. கடைக்காரர், பக்கத்து வீட்டு டிரைவர், நான் எழுதுகிற இந்தக் கட்டுரை எல்லாம் அதற்குப் பிறகுதான். கையேட்டில் நான்கு விஷயம் பாருங்கள்: கூலண்ட் வகை, தண்ணீரோடு கலக்கும் அளவு, மொத்தம் எத்தனை லிட்டர் பிடிக்கும், எத்தனை மாதம் அல்லது கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி, கையேடு இல்லை என்றால், வண்டி மாடலும் வருடமும் சொல்லி அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

பழைய டிராக்டரில் செம்பு, பித்தளை ரேடியேட்டர் இருக்கும். அதற்குக் கையேடு சொன்ன வகையே நல்லது. "இதுதான் புதுசு, விலை கூட" என்பதற்காகப் புது வகை ஊற்ற வேண்டாம். விலை கூடினது எல்லா வண்டிக்கும் நல்லது என்று அர்த்தமில்லை.

கலக்கும் கணக்கு

கடையில் இரண்டு விதமாக விற்கிறார்கள்.

அப்படியே ஊற்றுவது: "ரெடி டு யூஸ்" என்று போட்டிருக்கும். தண்ணீர் ஏற்கெனவே கலந்திருக்கிறது. இதில் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது.

கலந்து ஊற்றுவது: "கான்சன்ட்ரேட்" என்று போட்டிருக்கும். தண்ணீர் சேர்த்தே ஆக வேண்டும். ரசப்பொடி, சாம்பார்பொடி கணக்கு மாதிரிதான். டப்பாவில் 1:1, 1:2, 1:3 என்று இருக்கும்.

உதாரணம் பாருங்கள். உங்கள் வண்டியில் மொத்தம் 4 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

1:1 என்றால் கூலண்ட் 2 லிட்டர், தண்ணீர் 2 லிட்டர்.
1:3 என்றால் கூலண்ட் 1 லிட்டர், தண்ணீர் 3 லிட்டர்.

1:3 செலவு குறைவுதான். ஆனால் கையேடு சரிபாதி கேட்டிருந்தால் 1:3 பத்தாது, மருந்து நீர்த்துப்போகும். அதற்காக "தண்ணியே வேண்டாம், முழுசா கூலண்டே ஊத்திடுவோம்" என்றும் செய்யக் கூடாது. வெறும் கிளைக்கால் தண்ணீர் அளவுக்குச் சூட்டை இழுக்காது. இன்ஜின் இன்னும் சூடாகும். மருந்து குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு.

என்ன தண்ணீர் கலப்பது?

பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் கிடைக்கும். விலை அதிகமில்லை. வாங்கும்போது "டிஸ்டில்டு வாட்டர்" என்று தெளிவாகக் கேளுங்கள். பேட்டரி ஆசிட் வேறு. அதை ஊற்றினால் இன்ஜின் போச்சு, கை கண்ணும் போகும்.

போர் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் வேண்டாம். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க ருசியானது என்று பெருமையாகச் சொல்வோம். குடிக்க நல்ல தண்ணீரிலும் உப்புகள் கரைந்திருக்கும். வாய்க்கு நல்லது, ரேடியேட்டருக்கு அல்ல.

நடு ரோட்டில் மாட்டிக்கொண்டோம், வேறு வழியில்லை என்றால்? கிடைத்த குடிதண்ணீரை ஊற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வரை வாருங்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தில் மழைத் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் உண்டு. அப்படி வடிகட்டி வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் போர் தண்ணீரைவிட அது மேல். எதை ஊற்றியிருந்தாலும் ஊர் வந்ததும் கலவையைச் சரிசெய்துவிட வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய ஐந்து

1. "இது என்ன வகை? ஐஏடியா, ஓஏடியா?" டப்பாவில் எழுதியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள்.
2. "அப்படியே ஊத்துறதா, கலந்து ஊத்துறதா?"
3. தர எண் இருக்கிறதா? நம் நாட்டுத் தர எண் ஐஎஸ் 5759. ஜப்பான் தர எண் ஜேஐஎஸ் கே 2234. உங்கள் கையேட்டில் உள்ள எண்ணும் டப்பாவில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.
4. மூடி சீல் பிரியாமல் இருக்கிறதா? தயாரித்த தேதி, கம்பெனி முகவரி இருக்கிறதா? கேனிலிருந்து அளந்து பாட்டிலில் ஊற்றித் தருவதை வாங்க வேண்டாம். அது வெறும் கலர் தண்ணியாகவும் இருக்கலாம்.
5. பில் வாங்குங்கள். குழு வண்டி என்றால் பில் கட்டாயம்.

இன்னொன்று. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல் வண்டிகளில், முக்கியமாகப் பெரிய வண்டிகளில், டிஇஎஃப் என்ற யூரியாத் திரவம் ஊற்றத் தனித் தொட்டி இருக்கும். பெரும்பாலும் நீல மூடி போட்டிருக்கும். அதுவும் கேனில்தான் வரும். கூலண்டை அதில் ஊற்றினாலும், அதைக் கூலண்ட் தொட்டியில் ஊற்றினாலும் பெரிய செலவு வைக்கும். மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

தினமும் பார்க்க வேண்டியது

காலையில் வண்டி எடுப்பதற்கு முன், இன்ஜின் ஆறியிருக்கும்போது, பக்கத்துப் பிளாஸ்டிக் தொட்டியைப் பாருங்கள். இரண்டு கோடு இருக்கும். திரவம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மூடியைத் திறக்க வேண்டியதே இல்லை.

* அடிக்கடி குறைகிறதா? எங்கேயோ கசிகிறது. ஊற்றி ஊற்றிச் சமாளிக்காதீர்கள், காட்டுங்கள். 
* துரு நிறமா? அரிப்பு தொடங்கிவிட்டது. 
* மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, அல்லது இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கிறதா? இரண்டும் ஒன்றாகக் கலக்கிறது. வண்டியை எடுக்கவே கூடாது. 
* வண்டி நின்ற இடத்தில் கலர் சொட்டு கிடக்கிறதா? ஹோஸ், பம்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

வழியில் சூடேறிவிட்டால்

மீட்டரில் முள் சிவப்புக்குப் போனாலோ ஆவி வந்தாலோ "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டாதீர்கள். அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் கேஸ்கட் போகும். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வெயிட் போட்ட குக்கரை அப்படியே திறந்தால் என்ன ஆகும்? அதேதான். கொதிக்கும் திரவம் முகத்தில் அடிக்கும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும். நன்றாக ஆறிய பிறகு, கனமான துணியைப் போட்டு, மெதுவாகத் திருகித் திறக்க வேண்டும்.

யார் மேலாவது பட்டுவிட்டால், வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இங்க், டூத்பேஸ்ட், மாவு எதுவும் தடவ வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

கவனம்: கூலண்ட் விஷம்!

சகோதரிகளே, மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். சாயம் போட்டதால் ரோஸ் மில்க் மாதிரி, ஜூஸ் மாதிரி தெரியும். மிச்சமிருக்கிற கூலண்டைப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிச் சமையலறை அலமாரியில் வைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருந்தது. பாட்டிலைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

பெரிய ஆளுக்கே 100 மில்லி அளவு உயிரைப் பறிக்கலாம். பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடக்கே ஆபத்து. குடித்ததும் குடிபோதை மாதிரி தள்ளாட்டம், வாந்தி வரும். பிறகு சரியான மாதிரிகூடத் தோன்றலாம். அதற்குப் பின் மூச்சு வாங்கும், ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் கெடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த டை எத்திலீன் கிளைக்கால் இருமல் மருந்தில் கலந்ததால் 2022ல் காம்பியா நாட்டிலும், 2025ல் மத்தியப் பிரதேசத்திலும் பச்சைக் குழந்தைகள் பலர் இறந்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். கைவைத்தியம் வேண்டாம். உடனே 108க்கு போன் செய்யுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். இதற்கு மாற்று மருந்து உண்டு. சீக்கிரம் போனால் காப்பாற்றலாம்.

* கூலண்டை அதன் சொந்த டப்பாவிலேயே, பூட்டி, உயரத்தில் வையுங்கள்.
* வடித்த பழைய கூலண்டைத் திறந்த சட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாய், ஆடு, கோழி குடித்தால் செத்துவிடும்.
* ஊருணியிலோ, கிணற்றடியிலோ, வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். மூடிய கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.
* சிந்தினால் மணல் போட்டு அள்ளிவிட்டு இடத்தைக் கழுவுங்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

ஒரு லிட்டர் கூலண்ட் சுமார் 200 முதல் 400 ரூபாய். கம்பெனிக்கும் கடைக்கும் தகுந்த மாதிரி மாறும். நாலைந்து லிட்டர் பிடிக்கிற வண்டிக்கு, கலக்கும் தண்ணீர், கூலி எல்லாம் சேர்த்தாலும் அந்தக் குழு கொடுத்த 18,500ல் சின்னப் பங்குதான் ஆகும். அதுவும் இரண்டு வருடத்துக்கோ அதற்கு மேலோ ஒருமுறை வருகிற செலவு.

அந்தக் குழு இப்போது என்ன செய்கிறது தெரியுமா? தீர்மானப் புத்தகத்தில் ஒரு தீர்மானம் எழுதினார்கள். வண்டிக்கென்று ஒரு 40 பக்க நோட்டுப் போட்டார்கள். அதில் கூலண்ட் பெயர், வகை, கலந்த அளவு, ஊற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர், அடுத்து மாற்ற வேண்டிய தேதி எல்லாம் இருக்கிறது. காலையில் தொட்டியைப் பார்ப்பது வாரம் ஒருவர் முறை. ஒவ்வொரு நடைக்கும் 10 ரூபாய் பராமரிப்பு உண்டியலில் போடுகிறார்கள். கூலண்ட் மாற்றும் நாளில் ஒரு உறுப்பினர் ஒர்க்‌ஷாப்பில் பக்கத்திலேயே நிற்கிறார்.

போன முறை நான் போனபோது, "பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று முன்பு சொன்ன ஒரு அப்பத்தா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொட்டியில் கோடு பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன அப்பத்தா, எப்படி இருக்கு?" என்றேன். "மேல் கோட்டுக்கு ஒரு விரக்கடை கீழ நிக்குது தாயி. நேத்தும் அதே எடம்தான். ஒரு சொட்டுக் குறையல" என்றார்.

உங்கள் குழுவிலோ, ஊராட்சிக் கூட்டமைப்பிலோ லோடு வண்டி, ஆட்டோ, டிராக்டர் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இந்த மூன்று கேள்வியைப் பொருள் நிரலில் சேருங்கள்:

நம் வண்டியில் இப்போது இருப்பது என்ன கூலண்ட்?
கடைசியாக எப்போது மாற்றினோம்?
மிச்சக் கூலண்ட் யார் வீட்டில், எந்தப் பாட்டிலில் இருக்கிறது?

மூன்றுக்கும் பதில் தெரிந்தால் நோட்டில் எழுதி வையுங்கள். ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும், மறுநாள் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் போய்ப் பாருங்கள்.